பாக் விரிகுடாவும் ஒற்றை அறமும்

ராமேஸ்வரத்தில் எந்தப் படகு எந்த நாளில் கடலுக்குப் போகலாம் என்பதற்கு ஒரு பங்கீடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகின் இழுவை மடி கடலடியை உரசிக்கொண்டு போகிற வழியில் நாட்டுப்படகுக்காரர் விரித்த வலை கிடந்தால், அந்த வலை கிழிந்துதான் போகும். இரண்டும் ஒரே இரவில் ஒரே இடத்தில் தொழில் செய்ய முடியாது. சண்டை நடந்து, பேச்சு நடந்து, கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள பகுதியில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று விதித்ததற்கும் இதே மோதல்தான் பின்னணி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நிர்வாக ஏற்பாடு. ஆனால் இதற்குள் ஓர் அறக் கேள்விக்கான விடை இருக்கிறது. கடலில் முன்பே இருந்தவருக்கே உரிமை என்று முடிவு செய்திருந்தால் விசைப்படகுக்கு ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது. அதிகம் பிடிப்பவருக்கே முதலிடம் என்றிருந்தால் நாட்டுப்படகு கரையேறியிருக்கும். எல்லோருக்கும் எல்லா நாளும் சம உரிமை என்றிருந்தால், கேட்பதற்கு அழகாக இருக்கும். எளியவரின் வலை மட்டும் இரவுதோறும் அறுந்துகொண்டிருக்கும். ராமேஸ்வரத்துக் கடற்கரை எந்த ஒரு கொள்கையையும் முடிவுவரை பிடித்துக்கொண்டு போகவில்லை. பலவற்றையும் கணக்கில் எடுத்து, யாருக்கும் முழுத் திருப்தி தராத, ஆனால் எல்லோரும் வாழக்கூடிய ஒரு முடிவுக்கு வந்தது.

அறம் என்பது விதிவிலக்கில்லாத ஒரே ஒரு கொள்கையின் மேல் நிற்க முடியுமா என்ற பழைய கேள்வியை இந்தக் கரையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பாக் விரிகுடா மீனவர் சிக்கல் பல பத்தாண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. அரசியலும் ராஜதந்திரமும் அதற்குக் காரணங்கள் என்பது உண்மை. அவற்றோடு நாம் அதிகம் பேசாத இன்னொரு காரணமும் இருக்கிறது: இதில் தொடர்புள்ள ஒவ்வொருவரும் தம் கையில் ஒரே ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, அதுவே அறம் முழுவதும் என்று வாதாடுகிறார்கள்.

முதலில், ஒற்றைக் கொள்கையை நாடுவது மூடத்தனம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய நூலில், நீ எந்த விதிப்படி நடக்கிறாயோ அதை எல்லோருக்கும் பொதுச்சட்டமாக ஆக்க உனக்குச் சம்மதமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். அடிப்படை இந்த ஒன்றுதான் என்றார். இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில், தன் முன்னோடி பெந்தாமின் வழியில் நின்று, ஒரு செயலால் விளையும் மொத்த இன்பத்தையும் துன்பத்தையும் பாருங்கள், அதுவே அளவை என்றார். இருவருக்கும் ஒரே அக்கறை. விதிகள் பலவானால் வலியவன் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வான். அளவை ஒன்றே ஆனால் அரசனும் ஆண்டியும் அதற்கு முன் சமம். இந்த அக்கறை மதிக்கத்தக்கது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே பாக் விரிகுடாவில் ஒலிக்கும் நான்கு நியாயங்களை ஒவ்வொன்றாக முடிவுவரை தொடர்ந்து பார்ப்போம்.

முதலாவது, பாரம்பரிய உரிமை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எங்கள் கடல் என்பது ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் மீனவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரு கரை மீனவரும் எல்லைக்கோடு வருவதற்கு முன்பே இக்கடலைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆனால் இதே வாதத்தை மன்னாரிலும் நெடுந்தீவிலும் இருக்கும் தமிழ் மீனவரும் அதே சொற்களில் சொல்ல முடியும். அவர்களுக்கும் பாட்டன் பூட்டன் உண்டு. மேலும், பாரம்பரியம் பாய்மரத்துக்கும் சிறுவலைக்கும் உரியது. இழுவை மடி இந்தக் கரைக்கு வந்தது 1960களை ஒட்டி, இறால் ஏற்றுமதியைக் குறிவைத்து அரசே ஊக்குவித்தபோதுதான். முன்னோர் தொழில் செய்த இடத்துக்கான உரிமை, முன்னோர் அறியாத கருவிக்கான உரிமையாகத் தானாக மாறிவிடாது.

இரண்டாவது, எல்லை. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் பாக் நீரிணையில் கோடு போட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கோடு நீண்டது. அப்போது பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. கோட்டைத் தாண்டினால் குற்றம், அத்தோடு முடிந்தது என்பது கொழும்பின் வாதம். ஒப்பந்தத்தை மதிப்பது அறத்தின் பகுதிதான். ஆனால் கோடு ஒன்றே அறம் என்றால், அதே 1974 ஒப்பந்தம் இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்று ஏன் சொல்கிறது? அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் ஒரே மணலில் கூடுவதை ஒப்பந்தம் எழுதியவர்களாலேயே ஒதுக்கிவிட முடியவில்லை. வரைபடத்தில் கோடு போட்டபோதும் உறவு என்ற இன்னொரு நியாயத்துக்கு இடம் விட வேண்டியிருந்தது.

மூன்றாவது, பிழைப்பு. பெரும்பாலானோருக்குப் பெரும்நன்மை என்ற மில்லின் அளவை இங்கே இந்த உருவில்தான் வருகிறது. விசைப்படகு ஒன்றை நம்பி அதன் உரிமையாளரான சம்மாட்டி இருக்கிறார், ஓட்டுநர் இருக்கிறார், கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ் கம்பெனி, கருவாடு போடும் பெண்கள், ஏற்றுமதிக் கம்பெனி என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. படகு நின்றால் இத்தனை அடுப்பும் அணையும் என்பது பொய்யில்லை. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கும் இந்த அளவைக்கு ஒரு குறை உண்டு. இழப்பு எவ்வளவு என்று அது கேட்கும். யார் தலையில் விழுகிறது என்று கேட்காது. 1983இல் தொடங்கி 2009 வரை நீடித்த போரில் வடஇலங்கை மீனவர் கடலைப் பல ஆண்டுகள் இழந்திருந்தார்கள். மீண்டும் தொழிலைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்ததெல்லாம் சிறிய படகும் கடனில் வாங்கிய வலையும். ஓர் இரவில் அந்த வலை அறுந்தால் போவது அந்த நாள் வருமானம் மட்டுமில்லை. கடனை அடைக்கும் வழியே போகிறது. இந்தப் பக்கம் நூறு வீட்டுக்கு வந்த ஆதாயத்தைக் காட்டி அந்தப் பக்கம் ஒரு வீடு அழிந்ததைச் சரிக்கட்டிவிட்டோம் என்று சொல்ல நம் மனம் இடம் கொடுப்பதில்லை. கொடுக்கவும் கூடாது.

நான்காவது, கடல்வளம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல்; அடியில் கடற்புல்லும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் இடம். இழுவை மடி வேண்டியதை மட்டும் எடுப்பதில்லை. கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் மட்டுமே போகும் சங்காயத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. அதனால் கடலைக் காப்பதே முதல் அறம் என்கிறார்கள் சூழலியலாளர்கள். இழுவை மடி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் இதையும் ஒரே விதியாக்கினால் என்ன ஆகும் என்பதை மன்னார் வளைகுடாவில் பார்த்தோம். 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்துவந்த பெண்கள், பிறகு வனத்துறையின் தடைகளால், தாங்கள் பிறந்து வளர்ந்த கடலிலேயே அத்துமீறியவர்களாக நின்றார்கள். கடலுக்கு ஆபத்து அவர்கள் கையிலிருந்தா வந்தது?

நான்கு நியாயங்களும் உண்மையானவை. நான்கில் ஒவ்வொன்றும் தனியே ஆட்சிக்கு வந்தால் அநியாயம் செய்கிறது. இது பாக் விரிகுடாவின் விசித்திரம் இல்லை, அறத்தின் இயல்பே இப்படித்தான் என்பதுதான் நான் விளக்க முயல்வது.

நம் மொழியில் அறத்தைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த திருவள்ளுவரைப் பாருங்கள். அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில், உள்ளத்தில் அழுக்கு இல்லாதிருப்பதில் எல்லா அறமும் அடங்கிவிட்டது என்கிறார். வாய்மை அதிகாரத்தை முடிக்கும்போது, தாம் கண்டவற்றுள் வாய்மையைவிடச் சிறந்தது வேறில்லை என்கிறார். கொல்லாமைக்கு வந்ததும், இணையற்ற நன்மை கொல்லாமைதான், பொய் சொல்லாமை அதற்கு அடுத்த படி என்று வரிசையையே மாற்றுகிறார். அதே வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் சொல்லியிருக்கிறார். இதை முரண்பாடு என்று எண்ணத் தேவையில்லை. ஓர் அறத்தை அருகில் நின்று பார்க்கும்போது அதன் உயரம் வேறெதையும் மறைத்துவிடும். வள்ளுவர் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று பார்த்தவர்; அதனால்தான் ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவில்லை. கொல்லாமை ஒன்றே அறம் என்று வைத்தால், மீன் பிடித்து வாழும் இந்தக் கரையிலுள்ள மக்களில் நல்லவரென்று எவருமே இருக்க முடியாது. அப்படிப்பட்ட முடிவு வந்தால் நாம் சந்தேகிக்க வேண்டியது அந்த மக்களை இல்லை, ஒற்றை விதியை.

இருபதாம் நூற்றாண்டில் இதைத் தெளிவாக எடுத்து வைத்தவர் டபிள்யூ. டி. ராஸ் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர். 1930இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னது எளியது. நமக்குக் கடமைகள் பல: கொடுத்த வாக்கைக் காப்பது, செய்த தீங்குக்கு ஈடு செய்வது, நன்றி மறவாமை, நீதி, பிறருக்கு நன்மை செய்தல், தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ளுதல், தீங்கிழைக்காமை. இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்பது. இரண்டு மோதும்போது எது கனமானது என்பதை அந்தச் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டுக்கொடுத்த கடமை அதோடு மறைந்துவிடுவதில்லை. அது ஒரு பாக்கியாக நிற்கும், அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பார்வையோடு மறுபடியும் கடலைப் பார்த்தால், ஒற்றை நியாயங்கள் மறைத்துவைத்தவை கண்ணுக்குத் தெரிகின்றன. வாக்கு: 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் பேசி, இழுவை மடித் தொழிலை ஓராண்டுக்குள் நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். 2016 நவம்பரில் டெல்லியில் இரு அரசுகளும் அதை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவோம் என்றன. அந்த வாக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஈடு: அறுந்த வலைகளுக்கு இழப்பீடு என்பது பேச்சளவில் வந்துபோகிறதே தவிர, முறையான வழி ஒன்று இல்லை. நன்றி: போரின்போது படகேறி தனுஷ்கோடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்தவர்களை இந்தக் கரை ஏற்றுக்கொண்டது, மண்டபம் அகதிகள் முகாமில் தங்கித் திரும்பிய மீனவக் குடும்பங்கள் வடக்கில் உண்டு. அந்த நன்றி உண்மையானது. ஆனால் அதைக் காட்டி, வலை கிழிவதைப் பொறுத்துக்கொள் என்று கேட்க முடியாது. நீதி: பிடிபட்டுச் சிறையில் இருப்பவர் பெரும்பாலும் கூலிக்குப் போனவர். 2024 பிப்ரவரியில் இலங்கை நீதிமன்றம் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தபோது, முடிவெடுத்தவர் கரையிலும் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் சிறையிலும் இருந்தார்கள்.

இதோடு தர்க்கப் பொருத்தம் என்ற ஒன்றும் இருக்கிறது. காண்ட்டின் கேள்வி தனியே போதாது என்றாலும் சோதனையாகப் பெரிதும் உதவும். ராமேஸ்வரத்தில் நாட்டுப்படகுக்காரரின் வலையைக் காக்க மூன்று நாள், நான்கு நாள் பங்கீடு நியாயம் என்று ஒப்புக்கொண்டவர், கோட்டுக்கு அப்பால் அதே போன்ற வலையை விரித்தவருக்கு அந்த நியாயம் பொருந்தாது என்று எப்படிச் சொல்வார்? இதே சோதனை அங்கேயும் பொருந்தும். இலங்கை 2017 ஜூலையில் இழுவை மடியைச் சட்டப்படித் தடைசெய்தது. அந்தத் தடை குருநகரிலுள்ள தன் நாட்டு இழுவைப் படகுகளுக்கும் சமமாக நடைமுறையானால்தான் அயலாரை நோக்கி நீட்டும் விரலுக்கு வலிமை வரும்.

இங்கே முக்கியமான ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அறத்துக்கு ஒரே அடிப்படை இல்லை என்று சொன்னால், எதுவும் உறுதியில்லை, ஆளுக்கொரு நியாயம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். விதிவிலக்கே இல்லாத விதி ஏதேனும் உண்டா என்பது ஒரு கேள்வி. எல்லா விதிகளும் பிறக்கும் ஒரே மூலம் உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒருவர் முரணின்றிச் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்கிறேன்.

கடலில் ஆயுதமில்லாமல் நிற்கும் மீனவரைச் சுடக் கூடாது. அவர் எந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலும், எந்த மடியை இழுத்திருந்தாலும் சுடக் கூடாது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, படகு எந்தப் பக்கம் இருந்தது என்ற விவாதம் எழுந்தது. அந்த உயிரின் விஷயத்தில் அந்த விவாதத்துக்கு எடையே இல்லை. அதுபோலவே, மூழ்குபவரைக் கண்டால் வலையை விட்டுவிட்டு ஓடித் தூக்க வேண்டும் என்பது இந்தக் கடலில் இரு கரையும் ஏற்ற வழக்கம். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் அதையே கடமையாக்குகிறது. காப்பாற்றப்படுபவர் எந்த நாட்டவர் என்று அது கேட்பதில்லை. 2024 ஜூனில் இந்திய விசைப்படகு ஒன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு சாவுக்கும் ஒரே கனத்தோடு துக்கப்பட முடியாதவர் எந்தப் பக்கத்து நியாயத்தையும் பேசத் தகுதி பெறமாட்டார்.

இப்படி அசையாத விதிகள் சில உண்டு. ஆனால் யார் எந்த நாளில், எந்த வலையோடு, எவ்வளவு தூரம் போகலாம், தொழிலை மாற்றுவதற்கு யார் எவ்வளவு செலவு ஏற்பது என்ற கேள்விகளுக்கு அவற்றிலிருந்து விடை வராது. அந்த விடையைப் பல கடமைகளையும் எதிரெதிரே வைத்து எடைபோட்டுத்தான் காண வேண்டும். பெரும்பாலான அறக் கேள்விகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

எடைபோடுவது என்றால் வலியவன் தராசைச் சாய்த்துவிட மாட்டானா? காண்ட்டும் மில்லும் அஞ்சியது இதற்குத்தான், அந்த அச்சத்துக்கு நேர்மையான பதில் தேவை. நம் கையில் மூன்று காப்புகள் உள்ளன. எடைபோடுவது இழப்பவரின் முன்னிலையில், அவர் வாயைத் திறந்து பேசும் வாய்ப்போடு நடக்க வேண்டும். நம் வீட்டில் ஏற்ற நியாயத்தை அடுத்த வீட்டில் மறுக்கக் கூடாது. விட்டுக்கொடுக்கப்பட்ட நியாயத்துக்கு ஈடு செய்ய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒற்றை விதியும் வலியவனுக்கே உதவும். எல்லை, வளர்ச்சி, பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொற்களின் பெயரால் எளியவர்கள் கடலை இழந்த கதை இந்தக் கரைக்குப் புதிதில்லை.

இப்படி எடைபோடத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தடைக்கு முன்னால் நின்ற பாசி எடுக்கும் பெண்கள், எங்கள் பிழைப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்று மட்டும் வாதாடவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள். பாம்பன் அருகிலுள்ள சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களை ஒன்றுதிரட்டியதற்காக 2015இல் சீகாலஜி விருது பெற்றார். உரிமையும் பொறுப்பும் பிழைப்பும் பாசி மீண்டும் வளரும் காலமும் அந்த விதிகளுக்குள் சேர்ந்து இருக்கின்றன. அறத்தை இப்படித்தான் செய்ய வேண்டும்.

விசைப்படகு விஷயத்திலும் வழி இதே திசையில்தான் இருக்கிறது. பாக் விரிகுடாவில் இழுவை மடி நிற்க வேண்டும். வாக்கு, தீங்கிழைக்காமை, நீதி, வருங்காலத்தின் பங்கு என்று இத்தனை நியாயங்களும் அந்தப் பக்கம் சேரும்போது, பிழைப்பு என்ற நியாயம் எவ்வளவு உண்மையானாலும் அதற்கு எதிரே கனம் குறைந்ததாகிறது. ஆனால் அது கனமற்றதாகிவிடவில்லை. தோற்ற நியாயத்தின் பாக்கியை அடைக்க வேண்டிய கடன் இங்கே அரசுக்கு உண்டு. அந்த மடியை இந்தக் கரைக்கு அழைத்து வந்ததே அரசுதான். 2017இல் அறிவித்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம், சுமார் 80 லட்ச ரூபாய் விலையுள்ள படகுக்குப் பெரும்பகுதி மானியம் தருவதாகச் சொன்னது; மூன்றாண்டில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. அந்த இலக்கின் அருகில்கூடத் திட்டம் போகவில்லை. ஒரு நாளில் போய்த் திரும்பிப் பழகியவருக்கு, வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிப்பது வேறு தொழில். சம்மாட்டிக்கு மானியம் போதும். கூலிக்குப் போகிறவருக்கு என்ன என்ற கேள்விக்கும், கடனோடு மாறுகிறவரின் முதல் சில ஆண்டுகளுக்கும் விடை சொல்லாத திட்டம் அறக் கணக்கில் பாதிதான்.

இலங்கைக்கும் இதே கணக்கு உண்டு. தன் மீனவரைக் காப்பது அதன் கடமை. ஆனால் அந்தக் கடமை, கூலி மீனவரைச் சிறையில் அடைப்பதோடும், படகைப் பறிமுதல் செய்வதோடும் தீர்ந்துவிடாது. வடக்கு மீனவருக்குப் போர் பறித்த ஆண்டுகளுக்கான ஈடு அவர்கள் சொந்த அரசிடமிருந்தே இன்னும் வர வேண்டியிருக்கிறது.

இரு கரை மீனவரும் நேரில் உட்கார்ந்து பேசியபோது, அரசுகளுக்குக் கிடைக்காத தெளிவு அவர்களுக்குக் கிடைத்தது. நேரில் இருப்பவரிடம் ஒற்றை நியாயத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க முடியாது. அவர் தன் கிழிந்த வலையைக் காட்டுவார், நாம் நம் கடன் சீட்டைக் காட்டுவோம், அங்கிருந்துதான் எடைபோடுவது தொடங்கும். அந்தப் பேச்சை உடனே மீண்டும் தொடங்க வேண்டும். 2010இல் சொன்ன ஓராண்டு எப்போதோ கடந்துவிட்டது. இந்த முறை நாட்டுப்படகுக்காரர், கூலி மீனவர், கருவாடு போடும் பெண்கள் எல்லோரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். இழுவை மடி நிற்கும் தேதியும், அதனால் இழப்பவருக்குச் சேர வேண்டிய ஈடும் ஒரே தாளில் எழுதப்பட வேண்டும்.